திறப்பு விழாவுக்கு வராத ஓவியர்

அம்ரிதா ஷெர்கில் என்ற பெயரை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்? பாரதியைத் தெரியும், இராமானுஜனைத் தெரியும், ரவிவர்மாவின் லட்சுமி படம் பல வீடுகளின் பூசையறையில் இருக்கிறது. ஆனால் இருபத்தெட்டே ஆண்டுகள் வாழ்ந்து, இந்தியாவின் நவீன ஓவியத்திற்கே வாசல் திறந்துவைத்த இந்தப் பெண்மணியைப் பற்றி நம் பாடநூல்களில் நான் படித்ததில்லை. எனக்கு அவர் அறிமுகமானது பட்டம் பெற்ற பிறகுதான். வேலை நிமித்தமாக டில்லிக்குச் சென்றிருந்தபோது, ஒரு பிற்பகல் ஓய்வில் ஜெய்ப்பூர் மாளிகையில் உள்ள தேசிய நவீன ஓவியக் கூடத்திற்குள் நுழைந்தேன். அங்கு கண்ட படங்கள் என்னை விடவில்லை. ஊர் திரும்பியபின் அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன்.

படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. அம்ரிதாவின் வாழ்க்கையை அவருடைய கண்காட்சிகளின் வழியாகவே சொல்லிவிடலாம். படங்களைத் தேர்ந்தெடுப்பது, சட்டமிடுவது, பெட்டியில் அடைத்து இரயிலேற்றுவது, சுவரில் மாட்டுவது, வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பது, விற்காத படங்களைத் திரும்பக் கட்டுவது. இதுவே அவருடைய வாழ்க்கையின் பெரும்பகுதி. கடைசியில் அந்த வாழ்க்கை முடிந்ததும் ஒரு கண்காட்சியின் வாசலில்தான். நம் கழக நிகழ்ச்சிகளுக்காக இரவெல்லாம் கண்விழித்து மண்டபத்தை அலங்கரித்த நண்பர்களுக்கு இந்தக் கதை நெருக்கமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

இரண்டு நாடுகளின் பிள்ளை

அம்ரிதா 1913-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள் ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் பிறந்தார். தந்தை உம்ராவ் சிங் ஷெர்கில், பஞ்சாபின் மஜீத்தியா என்ற சீக்கிய உயர்குடியைச் சேர்ந்தவர். வடமொழியும் பாரசீகமும் கற்றவர்; புகைப்படக் கலையில் பேரார்வம் கொண்டவர். தாயார் மேரி அந்துவானெத், ஹங்கேரி நாட்டு இசைப் பாடகி. மறு ஆண்டில் தங்கை இந்திரா பிறந்தார். முதல் உலகப் போர் மூண்டதால் குடும்பம் ஹங்கேரியிலேயே தங்க நேர்ந்தது. 1921-இல்தான் அவர்கள் இந்தியாவுக்கு வந்து சிம்லாவின் சம்மர் ஹில் பகுதியில் குடியேறினார்கள். அப்போது அம்ரிதாவுக்கு எட்டு வயது.

சிறு வயதிலிருந்தே அவர் வரைந்துகொண்டிருந்தார். அந்தப் பழக்கத்திற்கு ஓர் ஒழுங்கு தந்தவர் தாய்மாமன் எர்வின் பக்தாய். அவர் இந்தியவியல் அறிஞர்; ஓவியமும் பயின்றவர். 1927 வாக்கில் சிம்லாவுக்கு வந்த அவர், கற்பனையில் தோன்றும் உருவங்களை விட்டுவிட்டு, கண்முன் நிற்கும் மனிதர்களைப் பார்த்து வரையும்படி மருமகளுக்கு அறிவுரை கூறினார். வீட்டில் வேலை செய்தவர்களே அம்ரிதாவின் முதல் மாதிரிகளாக அமர்ந்தார்கள். பிற்காலத்தில் அவர் வரைந்த ஏழைகளின் முகங்களுக்கு விதை அங்கேயே விழுந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. பிடிவாதத்தின் விதையும் அப்போதே முளைவிட்டிருந்தது. கடவுள் நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னதற்காகக் கன்னிமாடப் பள்ளியிலிருந்து அவர் வெளியேற்றப்பட்டார்.

பாரிசில் ஐந்து ஆண்டுகள்

1929-இல் மகளின் படிப்புக்காகக் குடும்பமே பாரிசுக்குப் பெயர்ந்தது. அம்ரிதாவுக்கு வயது 16. முதலில் கிராண்ட் ஷோமியேர் என்ற பயிலகத்தில் பியேர் வையானிடமும், பிறகு புகழ்பெற்ற எக்கோல் தே போசார் கலைக்கல்லூரியில் லூசியான் சிமோனிடமும் பயின்றார். எண்ணெய் வண்ணத்தில் மனித உருவங்களை வரைவதில் அங்கே கைதேர்ந்தார். செசான், கோகான் ஆகியோரின் படங்களைக் கண்டு, வண்ணத்தையும் வடிவத்தையும் எவ்வாறு சுருக்கி உரைக்கலாம் என்பதைக் கற்றுக்கொண்டார்.

அந்நாளைய பாரிசில் ஓர் இளம் ஓவியருக்குப் பெரிய வாசல் ‘சலோன்’ எனப்படும் ஆண்டுக் கண்காட்சி. நடுவர் குழு தேர்ந்தெடுத்தால்தான் படம் சுவர் ஏறும். 1932-இல் அம்ரிதா ‘இளம் பெண்கள்’ என்ற பெரிய படத்தை வரைந்தார். அறையில் இரு பெண்கள் எதிரெதிரே அமர்ந்திருக்கிறார்கள். ஒருத்தி தங்கை இந்திரா, நாகரிக உடையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். மற்றவர் பிரெஞ்சுத் தோழி. அவிழ்ந்த பொன்னிறக் கூந்தல் முகத்தை மறைக்கிறது. இருவரும் ஒருவரே, ஒரே பெண்ணின் இரு பாதிகள் என்று பலரும் இந்தப் படத்தைப் படிக்கிறார்கள். இப்படத்தின் வழியே 1933-இல் அம்ரிதா சலோனின் இணை உறுப்பினராகத் தேர்வானார். அதுவரை அந்தத் தகுதியைப் பெற்றவர்களில் அவரே மிக இளையவர். ஆசியாவிலிருந்து அவர் ஒருவரே. அப்போது அவருக்கு இருபது வயது!

இங்கே நம் ஊரோடு ஓர் ஒப்புமை நினைவுக்கு வருகிறது. பின்னாளில் சிங்கப்பூரில் குடியேறி நன்யாங் கலைக் கழகத்தில் கற்பித்த ஜார்ஜெட் சென்னும் அதே காலத்தில்தான் பாரிசில் வரைந்துகொண்டிருந்தார். 1930-இல் இலையுதிர்கால சலோனில் அவருடைய படங்கள் இடம்பெற்றன. இருவரும் மேற்கில் கற்று, ஆசியாவுக்குத் திரும்பி, இங்குள்ள வெயிலையும் மனிதர்களையும் வரைந்தவர்கள்.

பாரிசில் எல்லாம் கைகூடிவந்த வேளையில் அம்ரிதா இந்தியா திரும்ப முடிவெடுத்தார். அவருடைய வண்ணங்கள் மேற்குலகின் சாம்பல் நிற அறைகளுக்கு உரியவை அல்ல, கிழக்கிற்கு உரியவை என்று ஆசிரியர் ஒருவரே கூறியிருந்தார். ஓவியராகத் தம் ஊழ் இந்தியாவில்தான் இருக்கிறது என்ற எண்ணம் அவருக்கும் வலுத்தது. 1934-இன் இறுதியில் ஊர் திரும்பினார். பலரும் வெளிநாட்டுக்குச் சென்று பெயர் வாங்கத் துடிப்பார்கள். இவரோ வாங்கிய பெயரை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

திருப்பி அனுப்பப்பட்ட பரிசு

இந்தியாவில் அவருக்குக் கிடைத்த வரவேற்பு எப்படி இருந்தது? 1935-இல் சிம்லா நுண்கலைச் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சிக்குப் படங்களை அனுப்பினார். அவற்றில் சிலவற்றைச் சங்கம் ஏற்றது, சிலவற்றைத் திருப்பி அனுப்பியது. ஏற்றுக்கொண்ட ஒரு படத்திற்குப் பரிசும் அறிவித்தது. அம்ரிதா அந்தப் பரிசை ஏற்க மறுத்துவிட்டார். தம் பார்வையில் சிறந்த படங்களை நிராகரித்துவிட்டு, சிறந்தது அல்லாத ஒன்றுக்குப் பரிசு தருவதை அவரால் பாராட்டாகக் கொள்ள முடியவில்லை.

இதைப் படித்தபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். 22 வயதில், ஊருக்குப் புதிதாக வந்த நிலையில், கையில் பெரிய வருமானம் ஏதுமின்றி, வீடு தேடி வந்த பரிசை வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! இது வெறும் செருக்கு என்று சொன்னவர்களும் உண்டு. அம்ரிதாவிடம் செருக்கு இல்லாமல் இல்லை. தம் காலத்து ஓவியர்கள் பலரைப் பற்றி அவர் கடுமையாகவே பேசினார். வங்காள ஓவிய மரபு பழம்பெருமையின் நிழலில் உயிரற்றுப்போய்விட்டது என்பது அவர் கருத்து. ஆனால் தம் படங்களையும் அவர் அதே கண்டிப்போடுதான் பார்த்தார். தகுதியில்லாத புகழை வாங்கிக்கொண்டால் கை கெட்டுவிடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அதே 1935-இல்தான் ‘மூன்று பெண்கள்’ என்ற படம் பிறந்தது. சிவப்பு, பச்சை, செம்மஞ்சள் என வண்ண உடையில் மூன்று பெண்கள் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். ஒருவரும் நம்மைப் பார்க்கவில்லை; ஒருவரையொருவரும் பார்க்கவில்லை. தங்கள் கையில் இல்லாத ஏதோ ஒரு முடிவுக்காகக் காத்திருப்பவர்கள்போல் இருக்கிறார்கள். அழுகை இல்லை, நாடகம் இல்லை. பெண்ணின் மௌனத்தை இவ்வளவு எளிமையாக வரைந்த வேறொரு படத்தை நான் கண்டதில்லை. இந்தப் படத்திற்கு 1937-இல் பம்பாய்க் கலைச் சங்கத்தின் தங்கப் பதக்கம் கிடைத்தது. இந்தப் பரிசை அவர் மறுக்கவில்லை.

பெட்டிகளோடு தென்னாட்டுப் பயணம்

1936-இன் இறுதியில் அம்ரிதா ஒரு நீண்ட பயணம் புறப்பட்டார். உகில் சகோதரர்கள் என்ற ஓவியர்களோடு சேர்ந்து நகரம் நகரமாகக் கண்காட்சி வைப்பது திட்டம். பம்பாயில் தாஜ்மகால் ஓட்டலில் கண்காட்சி நடந்தது. அங்கேதான் வழக்கறிஞரும் கலை விமர்சகருமான கார்ல் கண்டாலாவாலாவின் நட்பு கிடைத்தது. அவர் கடைசிவரை அம்ரிதாவின் படங்களைப் புரிந்துகொண்ட வெகுசிலரில் ஒருவராக இருந்தார்.

அங்கிருந்து அஜந்தாவும் எல்லோராவும் சென்றார். அஜந்தாச் சுவரோவியங்கள் அவரைப் புரட்டிப் போட்டன. அதன்பின் ஐதராபாத். பெருஞ்செல்வரும் கலைப்பொருள் சேகரிப்பாளருமான நவாப் சாலார் ஜங், அம்ரிதாவின் படங்களை வரவழைத்துச் சில நாள்கள் வைத்திருந்தார். இடையில் தம் மாளிகையில் இருந்த ஐரோப்பிய ஓவியங்களைக் காட்டி அம்ரிதாவின் கருத்தைக் கேட்டார். அவர் மனத்தில் பட்டதை ஒளிக்காமல் சொல்லிவிட்டார்; அந்தச் சேகரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. படங்கள் விலைபோகாமல் திரும்பி வந்தன. மைசூர் அரசரும் இவர் படங்களை விடுத்து ரவிவர்மாவின் படங்களையே தேர்ந்தெடுத்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. ரவிவர்மா 1906-இலேயே மறைந்துவிட்டார். இறந்து முப்பதாண்டுகள் ஆன ஒருவரோடு போட்டியிட்டுத் தோற்பது எப்படி இருந்திருக்கும்?

ஆனால் விற்காத படங்களைச் சுமந்த அதே பயணம்தான் அவருக்கு வேறொரு செல்வத்தைத் தந்தது. திருவனந்தபுரம், கன்னியாகுமரி, கொச்சி என்று தென்கோடிவரை சென்றார். கொச்சியின் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களை நாள்கணக்கில் பார்த்துப் படியெடுத்தார். தென்னாட்டு வெயிலில் கருத்த மேனியும் வெள்ளைத் துணியும் செம்மண்ணும் ஒன்றையொன்று எப்படி எடுத்துக்காட்டுகின்றன என்பதை அவர் கண் பதிவு செய்துகொண்டது.

சிம்லா திரும்பியதும் 1937-இல் மூன்று பெரிய படங்களை அடுத்தடுத்து வரைந்தார். ‘மணமகளின் ஒப்பனை’, ‘பிரம்மச்சாரிகள்’, ‘சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்’. இவை மூன்றும் அவருடைய தென்னிந்திய மூவோவியம் என்று போற்றப்படுகின்றன. பிரம்மச்சாரிகள் படத்தில் பூணூலும் வெள்ளை வேட்டியுமாக இளைஞர்கள் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். அஜந்தாச் சுவரிலிருந்து இறங்கி வந்தவர்கள் போலிருக்கிறது. சந்தைக்குச் செல்லும் மக்களோ கருமையும் மெலிவுமாக, அதே வேளையில் அரசர்களின் நிமிர்வோடு நிற்கிறார்கள்.

டில்லியில் பிரம்மச்சாரிகள் படத்தின் முன்தான் நான் நெடுநேரம் நின்றேன். கருப்பு நிறத்தை மறைக்க வேண்டியதாகவும் வெளுக்க வேண்டியதாகவும் சொல்லும் விளம்பரங்களுக்கு நடுவே வளர்ந்தவர்கள் நாம். நம் திருமண விளம்பரங்களில் இன்றும் சிவந்த நிறம் கேட்கப்படுகிறது. 1937-இல் பாதி ஹங்கேரியரான ஒரு பெண், நம் மண்ணின் நிறத்தை இரக்கத்தோடு அல்லாமல் மரியாதையோடு வரைந்திருக்கிறார். அந்தச் சுவரின் முன் எனக்கு ஏற்பட்டது பெருமை என்பதைவிட நன்றி என்றே சொல்ல வேண்டும்.

லாகூரில் தனிக் கண்காட்சி

1937 நவம்பரில் லாகூரின் ஃபலெட்டீஸ் ஓட்டலில் அம்ரிதாவின் தனிக் கண்காட்சி நடைபெற்றது. கூட்டுக் கண்காட்சி என்றால் பழியும் பாராட்டும் பங்கு போடப்படும். தனிக் கண்காட்சியில் அறை முழுவதும் ஒருவரே நிற்கிறார். எந்தப் படத்தை வாசலுக்கு நேரே மாட்டுவது, எந்தப் படத்தின் பக்கத்தில் எது வந்தால் வண்ணங்கள் ஒன்றையொன்று கொன்றுவிடாமல் இருக்கும், ஓட்டல் விளக்கில் பழுப்பு நிறம் கருத்துப்போகாமல் இருக்குமா என்பதையெல்லாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வேலை அது. தென்னிந்திய மூவோவியம் அங்கே முதன்முறையாக மக்கள் பார்வைக்கு வந்தது. லாகூரில் வாழ்ந்த ஹங்கேரிய அறிஞர் சார்லஸ் ஃபாப்ரி போன்றோர் அவருடைய ஆற்றலை அடையாளங்கண்டு எழுதினார்கள். ஆடம்பர உடையில் வந்த சீமாட்டிகளும் கல்லூரி மாணவர்களும் ஒரே அறையில் நின்று, தங்கள் வீட்டு வேலைக்காரர்களின் சாயலில் இருந்த முகங்களை எண்ணெய் வண்ணத்தில் பார்த்தார்கள். அந்த நாளைய இந்தியாவில் அது புதுமை.

பேச்சு நிறைய எழுந்தது, பெயர் பரவியது. ஆனால் அம்ரிதா தம் வாழ்நாளில் விற்ற படங்கள் குறைவே. பாராட்டுக்கும் பணத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியை அவர் கடைசிவரை கடக்கவில்லை.

சராயாவின் தனிமை

1938-இல் அம்ரிதா ஹங்கேரிக்குச் சென்று, தாய்வழி உறவினரான மருத்துவர் விக்டர் ஈகனை மணந்தார். தாயாருக்கு இத்திருமணத்தில் சம்மதமில்லை. ஐரோப்பாவில் போர் மேகம் சூழ்ந்திருந்த 1939-இல் இருவரும் இந்தியா வந்து, கோரக்பூர் மாவட்டத்தில் சராயா என்ற ஊரில் தங்கினார்கள். அங்கே தந்தைவழிக் குடும்பத்தின் சர்க்கரை ஆலை இருந்தது. விக்டர் மருத்துவம் பார்த்தார்.

சராயா ஒரு சிற்றூர். ஓவியம் பற்றிப் பேச ஆளில்லை. வண்ணங்கள் வாங்கவும் கடிதங்கள் வரவும் நாளாகும். ஆயினும் அவருடைய மிக முதிர்ந்த படங்கள் பல அங்குப் பிறந்தன. கட்டிலில் சாய்ந்து ஓய்வெடுக்கும் பெண், மஞ்சள் அரைப்பவர்கள், ஊஞ்சல், கதை சொல்லும் முதியவர், யானைகள், ஒட்டகங்கள். முகலாய, பகாடிச் சிற்றோவியங்களைக் கற்றதன் பயன் அவற்றில் தெரிகிறது. உருவங்கள் சிறுத்தன, வண்ணங்கள் இன்னும் துணிவுற்றன. இடையிடையே வரைய முடியாத மாதங்களும் வந்தன. மனச்சோர்வு அவரை வாட்டியது. எழுதுபவர்களுக்கும் வரைபவர்களுக்கும் இது புதிதன்று. யாரும் பார்க்காத இடத்தில் செய்துகொண்டே இருப்பது, பார்க்க ஆளிருக்கும் இடத்தில் செய்வதைவிடக் கடினம்.

1941 டிசம்பர்

1941 செப்டம்பரில் தம்பதியர் லாகூருக்குக் குடிபெயர்ந்தனர். மால் சாலையில் கங்காராம் மாளிகையில் வீடு. கீழே விக்டரின் மருத்துவப் பணி. மேலே அம்ரிதாவின் ஓவிய அறை. அந்நாளைய லாகூர் எழுத்தாளர்களும் பேராசிரியர்களும் வானொலிக் கலைஞர்களும் நிறைந்த நகரம். சராயாவின் தனிமைக்குப் பிறகு அவருக்கு மீண்டும் பேச்சுத்துணை கிடைத்தது. பஞ்சாப் இலக்கிய மன்றத்தில் டிசம்பரில் ஒரு பெரிய தனிக் கண்காட்சி ஏற்பாடாயிற்று. நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே நகரம் அவரைத் தனிக் கண்காட்சியில் கண்டிருந்தது. இப்போது சராயாவின் படங்களையும் காட்ட வேண்டும்.

கண்காட்சிக்கு ஆயத்தமாகிக்கொண்டே அவர் ஒரு புதுப் படத்தையும் வரைந்துகொண்டிருந்தார். மாடியிலிருந்து தெரிந்த வீடுகள், கீழே கருத்த எருமைகள். எந்தப் புராணமும் இல்லாத, பக்கத்து வீட்டுக் காட்சி.

டிசம்பர் மாதத்தின் தொடக்கத்தில் அவர் திடீரென நோய்வாய்ப்பட்டார். வயிற்றுக் கோளாறு என்று தொடங்கியது இரண்டொரு நாள்களில் கைமீறிப்போனது. கணவர் மருத்துவராக இருந்தும், பிற மருத்துவர்கள் வந்து பார்க்கும்போது காலம் கடந்துவிட்டது. டிசம்பர் 5-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி அம்ரிதா உயிர் நீத்தார். நோயின் உண்மையான காரணம் இன்றுவரை உறுதிப்படவில்லை. தாயார் மருமகன் மீதே பழி சுமத்தினார். வேறு பல ஊகங்களும் உலவின. அவற்றை இங்கு விரித்துரைக்க நான் விரும்பவில்லை. அந்தக் குடும்பத்தின் துயரம் அத்தோடும் நிற்கவில்லை. அதே நாள்களில் பிரிட்டன் ஹங்கேரி மீது போர் தொடுத்ததால், மனைவியை இழந்த விக்டர் பகைநாட்டவர் என்று காவலில் வைக்கப்பட்டார். 1948-இல் தாயார் சிம்லாவில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

அம்ரிதாவின் உடல் ராவி நதிக்கரையில் எரியூட்டப்பட்டது. அந்த டிசம்பர் மாதத்திலேயே, ஏற்பாடு செய்தபடி, கண்காட்சியும் திறக்கப்பட்டது. அவர் தேர்ந்தெடுத்து வைத்த படங்கள் சுவரில் இருந்தன. அவரைச் சந்திக்க வர வேண்டியவர்கள் வந்தார்கள். அறையில் அவர் மட்டும் இல்லை.

நிறைவு பெறாத அந்தப் படம் இன்று டில்லியில் இருக்கிறது. எருமைகளின் கருமை கெட்டியாக விழுந்திருக்கிறது. மற்ற இடங்களில் வண்ணம் இன்னும் முடிவெடுக்காமல் நிற்கிறது. அடுத்த நாள் தொடரலாம் என்று தூரிகையைக் கழுவி வைத்த ஒருவரின் படம் அது.

அதன் பிறகு

1954-இல் டில்லியில் தேசிய நவீன ஓவியக் கூடம் திறக்கப்பட்டபோது, குடும்பத்தார் அளித்த அம்ரிதாவின் படங்களே அதன் தொகுப்பிற்கு ஆணிவேராக அமைந்தன. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட அவருடைய படங்கள் அங்குள்ளன. அவருடைய ஓவியங்கள் தேசியக் கலைச் செல்வமாக அறிவிக்கப்பட்டுள்ளதால், அவற்றை இந்தியாவிலிருந்து வெளியே ஏற்றுமதி செய்ய இயலாது. 1978-இல் ‘மலைநாட்டுப் பெண்கள்’ படம் அஞ்சல்தலையாக வந்தது. தங்கை இந்திரா மணந்தது, பின்னாளில் இந்தியாவின் இரண்டாவது தலைமைத் தேர்தல் ஆணையரான கே.வி.கே. சுந்தரத்தை. அவர்களுடைய மகன் விவான் சுந்தரம் (1943–2023) தாமும் புகழ்பெற்ற ஓவியராகிப் பெரியம்மாவின் கடிதங்களையும் எழுத்துகளையும் தொகுத்து வெளியிட்டார். அம்ரிதாவை இன்று நாம் இவ்வளவு நெருக்கமாக அறிய முடிவதற்கு அவரும் ஒரு காரணம்.

2023 செப்டம்பரில் நடந்த ஏலத்தில் அம்ரிதா 1937-இல் வரைந்த ‘கதை சொல்பவர்’ என்ற படம் 61.8 கோடி ரூபாய்க்கு விலைபோனது. அந்நாள்வரை ஓர் இந்திய ஓவியத்திற்குக் கிடைத்த மிக உயர்ந்த விலை அது. 2025 மார்ச்சில் எம்.எஃப். உசேனின் படமொன்று அதைத் தாண்டியது. ஐதராபாத்திலிருந்து விலைபோகாமல் திரும்பி வந்த பெட்டிகளை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கிறேன். 61 கோடியில் ஒரு காசும் அவர் கைக்குச் சேராது என்பது ஒருபுறம். அந்தப் பெட்டிகள் திரும்பி வந்த ஆண்டில்தான் அவர் ‘கதை சொல்பவர்’ படத்தையும் மூவோவியத்தையும் வரைந்தார் என்பது மறுபுறம். விலைபோகவில்லை என்பதற்காக, விலைபோகும் விதத்தில் அவர் வரையத் தொடங்கவில்லை.

நமக்கு விட்டுச்சென்றது

நம் கழகத்தில் நாம் நாடகம் போடுகிறோம், கவிதை அரங்கேற்றுகிறோம், கண்காட்சி நடத்துகிறோம், இதோ இந்த ஆண்டு மலரையும் கொண்டுவருகிறோம். அரங்கம் நிறைந்தால் வெற்றி, பாதி காலியாக இருந்தால் தோல்வி என்று கணக்கிட நாம் பழகிவிட்டோம். நானும் செயற்குழுவில் இருந்த ஆண்டுகளில் வாசலில் நின்று தலைகளை எண்ணியிருக்கிறேன். ஆள் வர வேண்டும் என்ற ஆசை தவறில்லை. அம்ரிதாவும் ஆள் வர வேண்டும், வாங்க வேண்டும், பேச வேண்டும் என்று விரும்பியவர்தான். அதற்காகத்தானே ஊர் ஊராகப் பெட்டி சுமந்தார்! ஆனால் வந்தவர்கள் எதை விரும்புவார்கள் என்று பார்த்து அவர் வரையவில்லை. தாம் கண்டதை வரைந்துவிட்டு, அதைப் பார்க்க ஆள் தேடினார். இந்த வரிசைதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

இன்னொன்றும் உண்டு. தமிழ் பேசும் வீட்டில் பிறந்து, ஆங்கிலத்தில் படித்து, மலாயும் சீனமும் ஒலிக்கும் தெருக்களில் வளரும் நம்மில் பலருக்கு நாம் எதற்கு உரியவர்கள் என்ற குழப்பம் அவ்வப்போது வருகிறது. ஹங்கேரியத் தாய், சீக்கியத் தந்தை, பிரெஞ்சுக் கல்வி, சிம்லா வீடு என்று வளர்ந்த அம்ரிதாவுக்கு அது இன்னும் கூடுதலாக இருந்திருக்க வேண்டும். அவர் எந்தப் பக்கத்தையும் வெட்டி எறியவில்லை. செசானையும் அஜந்தாவையும் ஒரே கேன்வாஸில் உட்கார வைத்தார். எதற்கு உரியவர் என்ற கேள்விக்கு விடை தேடி உட்கார்ந்திராமல் வேலையைத் தொடங்கினார். விடை வேலையிலேயே கிடைத்தது.

நம் கழகத்தில் வரையும் தம்பி தங்கைகளும் எழுதும் தம்பி தங்கைகளும் நிறைய இருக்கிறார்கள். தேர்வு முடியட்டும், வேலை கிடைக்கட்டும், கொஞ்சம் பெயர் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று மேசை இழுப்பறைக்குள் வைத்திருக்கும் பக்கங்களும் இருக்கும். அம்ரிதாவுக்கு இருபத்தெட்டு ஆண்டுகளும் பத்து மாதங்களும்தான் கிடைத்தன. இந்தியா திரும்பியபின் ஏழே ஆண்டுகள். அந்த ஏழு ஆண்டுகளுக்குள் அவர் செய்துவைத்ததால்தான், அவர் வராத அந்தத் திறப்பு விழாவில் மாட்டுவதற்குப் படங்கள் இருந்தன. அந்தப் பக்கங்களை இந்த விடுமுறையிலேயே வெளியே எடுங்கள். அடுத்த ஆண்டு மலரில் அவற்றைப் படிக்கக் காத்திருக்கிறேன்.